அக்கரையில் நின்றுபோனவர்கள்

குடும்பத்தின் பூர்வகதையை நாவலாக்குகிறவர்களிடம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு அவநம்பிக்கை உண்டு. பாட்டி சொன்னாள் என்பது ஒரு இலக்கியத் தகுதி அல்ல. எல்லாப் பாட்டிகளும்தான் சொன்னார்கள். அச்சேறும்போது அவள் குரல் போய்விடுகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் 'உம்' போய்விடுகிறது. மிஞ்சுவது தகவலும், தகவலுக்கு மேல் ஒரு பூச்சாகப் பெருமையும்தான். இந்தப் பெருமை ஜாதிச் சங்க மலரில் வருவதற்கும் நாவலில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் அட்டையின் தடிமன் மட்டுமே என்று நினைக்கத்தக்க புஸ்தகங்கள் கடந்த இருபது வருஷங்களில் தமிழில் நிறையவே வந்துவிட்டன. அவற்றின் பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. எழுதியவர்கள் என்னைவிட நல்லவர்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் முன்னூறு பக்கம் எழுதுவதில்லை.

இந்த அவநம்பிக்கையை அசைத்த புஸ்தகம் தமிழ்ப் புஸ்தகம் அல்ல. எஸ்தர் டேவிட்டின் 'தி வால்ட் சிட்டி'. மதுரையில் ஒரு பழைய புஸ்தகக் கடையில், போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்கு நடுவில் கிடந்தது. நான் கவனித்த முதல் விஷயம் கதை அல்ல, பிரசுர விவரம். அகமதாபாத்தில் பிறந்து வளர்ந்த ஒரு யூதப் பெண்மணி தன் ஜனங்களைப் பற்றி எழுதிய முதல் நாவலை 1997இல் போட்டது சென்னையில் ஈஸ்ட் வெஸ்ட் புக்ஸ். ஆங்கில நாவல்தான். ஆனாலும் நம் ஊரில் பிரசுரமான ஒரு யூத நாவலைப் பற்றி நம்மிடையே ஒரு வார்த்தை பேச்சில்லை. நாம் காஃப்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதில் தப்பில்லை. ஆனால் காஃப்காவின் பிராகாவைவிட அகமதாபாத் சாத்தூருக்குக் கொஞ்சம் பக்கம்.

பெனே இஸ்ரேல் என்று சொல்லிக்கொள்ளும் இவர்களைப் பற்றி வாசகனுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொங்கணக் கடற்கரையில் எப்போதோ ஒரு கப்பல் உடைந்தது. ஏழு ஆண்கள், ஏழு பெண்கள் கரையேறினார்கள். செத்தவர்களை நவ்காவ் என்ற கிராமத்தில் புதைத்தார்கள். பிழைத்தவர்கள் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊர்க்காரர்கள் அவர்களைச் சனிக்கிழமை வாணியர் என்ற அர்த்தத்தில் 'சனிவார் தேலி' என்றார்கள். (நமக்கு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள், அவர்களுக்கு எண்ணெயைத் தொடாத நாள்.) புஸ்தகம் கடலோடு போயிற்று. பாஷை போயிற்று, வீட்டில் மராத்தி வந்தது, ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக் குடும்பப் பெயர் வந்தது. வேதத்தில் நினைவில் நின்றது 'ஷெமா' என்ற ஒரு பிரார்த்தனை மட்டும் என்கிறார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து டேவிட் ரஹாபி என்று ஒருவர் வந்தாராம். இவர்கள் நிஜமாகவே யூதர்களா என்று பார்க்க, பெண்கள் கையில் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். துடுப்பும் செதிலும் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டார்கள் அந்தப் பெண்கள். ஏன் என்று கேட்டதற்கு அவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்காது என்றே நான் கற்பனை செய்கிறேன்.

மீன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஜனத்தின் ஞாபகம் எங்கே தங்குகிறது என்பதற்கு இதைவிட ஸ்தூலமான பதில் கிடையாது. ஓதுகிறவன் மறந்தான், மீன் கழுவுகிறவள் மறக்கவில்லை.

எலியா தீர்க்கதரிசியும் இவர்களுக்குக் கொங்கணத்தில்தான் இருக்கிறார். அவர் அக்கினி ரதத்தில் வானம் ஏறியது யோர்தான் நதிக்கரையில் என்று பைபிள் சொல்லட்டும். இவர்களைக் கேட்டால் அலிபாக் பக்கம் கண்டாலா என்ற சிற்றூரில் ஒரு பாறையைக் காட்டுவார்கள். ரதத்தின் தடம் இருக்கிறது. நேர்ந்துகொண்டால் அவருக்கு மலீதா படைக்க வேண்டும். அவலை நனைத்து, தேங்காயும் வெல்லமோ சர்க்கரையோ சேர்த்துப் பிசைந்து, பழங்களோடு தட்டில் வைத்து ஓதிப் பங்கிடுவது. கிருஷ்ண ஜயந்திக்கு நம் வீடுகளில் நடப்பதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

இப்படி இருக்கிற ஒரு பொருளை நாவலாக்குகிறவருக்கு முதல் சங்கடம், விளக்குவது. மலீதா என்று எழுதியதும் மலீதா என்றால் என்ன என்று எழுத வேண்டும். மீனைப் பற்றிச் சொன்னதும் வேதத்தின் விதியைச் சொல்ல வேண்டும். சற்று முன்னால் நானும் அதைத்தான் செய்தேன். கட்டுரைக்கு அது பாதகமில்லை. கதையில் ஒவ்வொரு விளக்க வாக்கியமும் கதை சொல்கிறவளைத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுப்பி, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, மியூசியத்தில் நிறுத்திவிடுகிறது. தன் வீட்டாரிடம் யாரும் மலீதாவை விளக்க மாட்டார்கள். விளக்கம் வரும் இடத்தில் கேட்கிறவன் அந்நியன். அப்படியானால் நாவல் யாரிடம் சொல்லப்படுகிறது?

எஸ்தர் டேவிட்டிடம் இது எல்லா இடத்திலும் சரியாக வந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2006இல் வந்த 'புக் ஆஃப் ரேச்சல்' நாவலில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு சமையல் குறிப்போடு ஆரம்பிக்கிறது. அலிபாக் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில், பிள்ளைகள் இஸ்ரேல் போய்விட, பாழடைந்த ஜெப ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு தனியாக இருக்கும் ஒரு விதவை. அந்த நிலத்தை விலை பேசி வருகிறவர்களை எதிர்த்து நிற்கிறாள். நல்ல பொருள். ஆனால் சமையல் குறிப்புகள் எனக்கு மியூசியத்தின் பெயர்ச் சீட்டுகளாகவே பட்டன. சாகித்ய அகாதெமிக்கு அப்படிப் படவில்லை. 2010இல் ஆங்கிலத்துக்கான பரிசை இந்த நாவலுக்குத்தான் கொடுத்தார்கள். அகாதெமி எப்போதும் ஒரு எழுத்தாளரின் அடுத்த புஸ்தகத்துக்கோ அதற்கடுத்த புஸ்தகத்துக்கோதான் பரிசு கொடுக்கும்.

'தி வால்ட் சிட்டி' வேறு ஜாதி. அதில் கதை சொல்லும் பெண்ணுக்கே தன் பரம்பரை சரியாகத் தெரியாது. பிரார்த்தனையின் பாஷை அவளுக்கு அந்நியம். தோழிகளின் வீட்டு சாமிகள் அழகாக இருக்கின்றன. தன் வீட்டில் உருவமே கூடாது. மதில் சூழ்ந்த பழைய அகமதாபாத்தின் குறுகலான தெருக்கள், பெரிய குடும்பம், அதிலிருந்து ஒவ்வொருவராக இஸ்ரேல் போவது, வயதேறும் பெண்கள் மிஞ்சுவது. விளக்கம் இங்கேயும் வருகிறது. ஆனால் வாசகனுக்காக வருகிற மாதிரி இல்லை. அவள் தனக்கே விளக்கிக்கொள்கிறாள், விளக்கியும் பிடிபடவில்லை. மரபு என்பது தன்னிடம் உள்ள சொத்தாக இல்லாமல், தன்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் வண்டியின் சப்தமாக அந்த நாவலில் கேட்கிறது. சமையல் குறிப்புகள் எழுதியவரும் இவரே என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

இதே நாவலை 2002இல் அமெரிக்காவில் சைரக்யூஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் நவீன யூத இலக்கிய வரிசையில் போட்டது. சென்னையில் அது இந்திய ஆங்கில நாவல். சைரக்யூஸில் யூத நாவல். வார்த்தைகள் அதே வார்த்தைகள். சென்னைப் பதிப்பில் விளக்கம் தேவைப்பட்டது 'ஷெமா'வுக்கு. அங்கே 'ஷெமா'வுக்கு வேண்டாம், பிந்திக்கு வேண்டும். இரண்டு பக்கத்து வாசகனுக்கும் பாதிப் புஸ்தகம் அந்நியம். இரண்டு பாதியும் வீடாக இருக்கிற வாசகர்கள் அகமதாபாத்தில் எத்தனை பேர்? மாகென் ஆபிரகாம் என்று அங்கே ஒரு ஜெப ஆலயம் 1934இல் கட்டினார்கள். அதைச் சேர்ந்தவர்கள் இன்று நூற்றுச் சொச்சம். நாடு முழுவதிலும் ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் வரை இருந்த ஜனம், 1948க்குப் பிறகு கப்பலிலும் விமானத்திலும் கரைந்து, சில ஆயிரமாக நிற்கிறது. ஆக, வீட்டாருக்கு என்று எழுதினால் அச்சகத்துக்குப் போக வேண்டியதே இல்லை. கார்பன் காப்பி போதும்.

இவருக்கு முன்னால் இந்த இக்கட்டில் நின்றவர் மீரா மகாதேவன். மிரியமாகப் பிறந்து மீராவானவர். அதே பெனே இஸ்ரேல் ஜனம். கட்டட வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளுக்காக 1969இல் டில்லியில் 'மொபைல் கிரெஷஸ்' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தவர் என்று சமூக சேவை வட்டாரத்தில் அவரைத் தெரியும். நாவலாசிரியை என்று தெரிந்தவர்கள் குறைவு. கணவன் இஸ்ரேலில், மனைவி இந்தியாவில் என்று பிளந்துபோன ஒரு யூதக் குடும்பத்தின் கதையை அவர் எழுதினார், ஹிந்தியில். 1975இல் 'ஷூலமித்' என்று ஆங்கிலத்தில் வந்தது. மராத்தியில் கேட்ட கதை, ஹீப்ரூவில் நடக்கும் பிரார்த்தனை, ஹிந்தியில் நாவல், ஆங்கிலத்தில் வாசகன். எந்தப் பாட்டியும் கதை சொல்லாத பாஷையில்தான் இந்த ஜனங்களின் நாவல் எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்தது ஒரு காலம். இப்போது அப்படித் தெரியவில்லை. அதற்குச் சொந்தக் காரணம் உண்டு, வருகிறேன்.

பாட்டியின் பாஷையிலேயே எழுதிய யூதனும் இருக்கிறான். ஐசக் பாஷவிஸ் ஸிங்கர் கடைசி வரைக்கும் யித்திஷில் எழுதினார். குட்டிச்சாத்தான்கள், பிசாசு பிடித்த மணப்பெண்கள், அசட்டு கிம்பெல் எல்லாரும் அந்த பாஷையில்தான் பேசினார்கள். அந்த பாஷை பேசியவர்களில் பெரும்பகுதியினரை ஹிட்லர் கொன்றுவிட்டான். நியூயார்க்கில் ஒரு யித்திஷ் தினசரியில் தொடர்கதையாக எழுதிக்கொண்டிருந்தவரை உலகம் கவனித்தது, கிம்பெல் கதையை ஸால் பெல்லோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1953இல் 'பார்ட்டிஸன் ரிவ்யூ'வில் வந்த பிறகு. அதுவும் ஒரு சிறுபத்திரிகை. (சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க.) 1978இல் நோபல் பரிசு. பரிசுரையில் யித்திஷிலும் கொஞ்சம் பேசினார். ஆனால் ஸிங்கரை முன்மாதிரியாகச் சொல்வது நியாயமல்ல. அவருக்கு எழுத்து வடிவம் உள்ள பாஷை இருந்தது, அச்சுக்கூடம் இருந்தது, திட்டிக் கடிதம் எழுதும் வாசகர்கள் சாகிற வரைக்கும் இருந்தார்கள். கொங்கணத்து எண்ணெய் வாணியருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே கொச்சி யூதர்கள் இருக்கிறார்கள். இருந்தார்கள் என்று சொல்வதே சரி. ஐம்பதுகளில் அநேகமாக எல்லாரும் போய்விட்டார்கள். சேந்தமங்கலத்து யூதர்களின் புறப்பாட்டை 'ஆலியா' என்று நாவலாக எழுதியது யூதரே அல்ல. அதே ஊரில் பிறந்த சேது. மலையாளத்தில் 2013 வாக்கில் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் 'கிராமத்தின் கடைசி யூதன்' என்கிற மாதிரி ஒரு உபதலைப்போடு வந்தது. சேது சவுத் இந்தியன் பேங்க்கின் சேர்மனாக இருந்தவர். பேங்க்கில் சேர்மனாக இருந்துகொண்டும் நாவல் எழுதலாம் என்பது கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆறுதலா அவமானமா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. பெட்டி கட்டுகிறவர்களைவிட, கட்டுவதா வேண்டாமா என்று நிற்கிறவன்தான் அந்த நாவலின் உயிர். பக்கத்து வீட்டுப் பையனாக நின்று பார்த்தவருக்கு அது தெரிந்திருக்கிறது.

கொச்சி யூதர்களின் பூர்வகதைக்கு ஆதாரம் ஒரு செப்பேடு. கி.பி. 1000ஐ ஒட்டி பாஸ்கர ரவி என்ற சேர ராஜா ஜோஸப் ரப்பான் என்ற யூத வர்த்தகனுக்குக் கொடுத்தது. வட்டெழுத்து. பாஷை, தமிழா மலையாளமா என்று பிரித்துச் சொன்னால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வருவார்கள். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் எழுபத்திரண்டு விடுபேறுகளும் ரப்பானுக்குக் கிடைத்தன. (இந்த அஞ்சுவண்ணம் என்ற சொல் தக்கலையில் முஸ்லிம் நெசவாளர் தெரு ஒன்றின் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது, தோப்பில் முஹம்மது மீரானின் 2008 நாவலுக்குத் தலைப்பும் ஆயிற்று. சொற்கள் ஆட்களைவிட அதிகம் பிரயாணம் செய்கின்றன.) விடுபேறுகளில் பகல்விளக்கு, பாவாடை, குடை, காளம் இவற்றோடு வடுகப்பறை என்று ஒன்று வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் முசிறியில் ஒரு யூதனுக்கு முன்னால் ஒலித்த பறைக்கு வடுகனின் பெயர். செப்பேட்டுப் பாடத்தைப் படித்துக்கொண்டு போனபோது இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். ஏனென்றால் நான் வடுகன்.

சாத்தூரைச் சுற்றி இது விசேஷம் அல்ல. வைப்பாற்றின் இரண்டு கரையிலும் கரிசல் காட்டில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவோம். வாசலைத் தாண்டினால் தமிழ். எங்கள் தெலுங்குக்கு எழுத்து கிடையாது. ஆந்திராவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு ஆபீசரிடம் ஒருமுறை பேசிப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் அவர் இங்கிலீஷுக்குப் போய்விட்டார். என் அவ்வா, நைனாவின் தாயார், இந்த பாஷையில்தான் கதை சொன்னாள். அவளுக்கு நாங்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் என்பது எவரும் நிரூபிக்க வேண்டாத சங்கதி. வடக்கே ஒரு துலுக்க ராஜா பெண் கேட்டான். ராத்திரியோடு ராத்திரியாக விதைக் கம்பைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். குறுக்கே ஏரு. ஏரு என்றால் அவள் பாஷையில் ஆறு. பள்ளிக்கூடத் தமிழில் கலப்பை. கலப்பையைத் தாண்டுவதற்கு ஏன் இவ்வளவு பயந்தார்கள் என்று நான் சிறு வயதில் யோசித்திருக்கிறேன். கரையில் நின்ற புங்கமரம் வளைந்து பாலமாயிற்று. எல்லாரும் தாண்டினதும் நிமிர்ந்துகொண்டது.

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சொத்து அல்ல. கரிசலில் பல வகையறாக்களிடம் இது உண்டு. தர்ஸ்டன் 1909இல் போட்ட தென்னிந்திய ஜாதிகளும் குலங்களும் என்ற தொகுதிகளிலேயே புங்கமரம் வந்துவிட்டது. இந்தப் புறப்பாட்டை இலக்கியமாக்கியவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். 'கோபல்ல கிராமம்' 1976இல் வாசகர் வட்டத்தின் வெளியீடாக வந்தது. அதிலும் ஒரு கிழவிதான், மங்கத்தாயாரு, வந்த வழியைச் சொல்கிறாள். தெலுங்குக் கதையைத் தமிழில் சொல்கிறோமே என்ற கூச்சமே கி.ரா.விடம் இல்லை. விளக்கமும் இல்லை என்று சொல்வார்கள். அது முழுக்க வாஸ்தவமல்ல. நிறைய விளக்குகிறார். ஆனால் பக்கத்து ஊர்க்காரனுக்கு விளக்குகிற மாதிரி, ஒரு கேலியோடு, நீயும் இப்படித்தானே என்ற பாவனையில் விளக்குகிறார். அவருக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன் இருந்தான். கோவில்பட்டியில் பஸ் ஏறினால் சீட்டில் உட்கார்ந்திருப்பான். எஸ்தர் டேவிட்டுக்கு அகமதாபாத்தில் அப்படி ஒருவன் கிடையாது. இரண்டு பேருடைய நடையிலும் உள்ள வித்தியாசத்தின் பாதியை இதைக்கொண்டே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவ்வா சொன்னதில் தர்ஸ்டனிடமும் கி.ரா.விடமும் நான் பார்க்காத ஒரு விஷயம் இருந்தது. எல்லாரும் தாண்டவில்லை. கடைசியாக வந்த ஒரு முசலவ்வா, கிழவி, காலில் முள் தைத்து உட்கார்ந்தாள். மரம் அவளுக்காக நிற்கவில்லை. துரத்தி வந்த குதிரைக்காரர்கள் அவளைக் கேட்டபோது இந்த வழியில் யாரும் வரவில்லை என்றாள். பிறகு? அவ்வாவிடம் பிறகு இல்லை. "ஆடனே நிலிச்சிப்போயிந்தி," அங்கேயே நின்றுபோனாள், அவ்வளவுதான். சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போனால் படையலில் ஒரு இலையைத் தனியாக வடக்குப் பார்த்துப் போடுவோம். அதிலிருந்து யாரும் எடுத்துச் சாப்பிடக் கூடாது. ஓடையில் விட்டுவிட வேண்டும். யாருக்கு என்று கேட்டால் பெரியவர்கள், வழக்கம் என்பார்கள்.

யூதர்கள் பஸ்கா ராத்திரியில் எலியாவுக்கு ஒரு கோப்பையில் மது ஊற்றிவைத்துக் கதவைத் திறந்து வைப்பார்கள். 'ஷாலோம் இந்தியா ஹவுசிங் சொசைட்டி' (2007) என்ற நாவலில் எஸ்தர் டேவிட் அந்த எலியாவை அகமதாபாத்தின் அடுக்குமாடி வீடுகளுக்குள் நடமாட விடுகிறார். 2002 கலவரத்தில் சுன்னத்தைப் பார்த்து யூதனையும் முஸ்லிம் என்று கொன்றுவிடுவார்களோ என்ற பயத்தில் ஒன்றுசேர்ந்து குடியிருக்கும் ஜனங்கள். அவர்கள் வீட்டில் வந்து மதுவைக் குடித்துவிட்டுப் போகும் தீர்க்கதரிசி. நாட்டார் கதையை அதன் காலத்திலேயே பத்திரமாக வைக்காமல், பயத்தின் நடுவில் கொண்டுவந்து இறக்குகிறார். அந்தக் கோப்பையைப் படித்த ராத்திரியில்தான் எங்கள் வடக்குப் பார்த்த இலை எனக்குப் புரிய ஆரம்பித்தது.

பூர்வகதை தாண்டியவர்களின் சிருஷ்டி. கப்பல் உடைந்தது, ஏழு ஜோடி பிழைத்தது என்று சொல்வது பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். மரம் வளைந்தது என்று சொல்வது அக்கரை போனவர்கள். அதனால்தான் அதில் தெய்வம் எப்போதும் நம் பக்கம் இருக்கிறது. அதனால்தான் அது சங்க மலருக்குச் சௌகரியமாக இருக்கிறது. நவ்காவில் புதைக்கப்பட்டவர்களின் தரப்பு அதில் கிடையாது. நாவல் என்று ஒன்று அந்தக் கதையிலிருந்து எழ வேண்டுமானால், நிமிர்ந்துகொண்ட மரத்தைக் கீழே நின்று பார்த்தவளிடமிருந்துதான் எழ முடியும் என்று எனக்குப் படுகிறது. 'ஷூலமித்', 'ஆலியா', 'தி வால்ட் சிட்டி' மூன்றிலும், எழுதியவர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்திருந்ததோ இல்லையோ, பேசுவது பெரும்பாலும் போனவர்கள் அல்ல, போகாதவர்கள்தான். எந்த பாஷையில் எழுதுவது என்ற கேள்வியும் இந்த இடத்தில் எனக்குச் சின்னதாகிவிட்டது. அக்கரையில் விடப்பட்டவளுக்குத் தன் பாஷை பேச ஆள் ஏது? குதிரைக்காரர்களின் பாஷையில்தான் அவள் பதில் சொல்லியிருப்பாள்.

இதையெல்லாம் இவ்வளவு ஆசையோடு எழுதுவதற்கு, என்னிடமே ஒரு கையெழுத்துப் பிரதி இருப்பது காரணம். இருநூற்றுப் பத்துப் பக்கம்; தமிழில். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பேங்க் ஸ்ட்ரைக் நாட்களிலும் எழுதியது. நிப்பு செய்து ஊர் ஊராக அனுப்பின சாத்தூரில் உட்கார்ந்துகொண்டு பால்பாயிண்ட் பேனாவால் எழுதினேன். சென்னையில் ஒரு சிறு பிரசுரக்காரர் படித்துவிட்டு நல்ல மாதிரியாகவே கடிதம் எழுதினார். பின்னிணைப்பாக ஒரு சொல்லகராதி வேண்டும். முதல் அத்தியாயத்துக்கு முன்னால் எந்த நூற்றாண்டு, எந்த ராஜா, எந்த நதி என்று ஒரு பக்கம் வேண்டும். அட்டையில் வரலாற்று நாவல் என்று போட்டால் நூலக ஆர்டருக்கு உதவும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடன் வாங்கி அச்சடிக்கிறவர், யார் வாங்குவார்கள் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. நகைக்கடன் கவுண்டரில் நானும் கல்லைக் கழித்துவிட்டுத்தான் எடை எழுதுகிறேன். ஆனால் எந்த நதி என்று எழுத எனக்குச் சம்மதம் இல்லை. கிருஷ்ணா என்றோ துங்கபத்திரா என்றோ போட்ட நிமிஷத்தில் அது தாண்டியவர்களின் கதையாகிவிடும். அவ்வாவுக்கு அது ஏரு. சொல்லகராதி வேண்டாம் என்றும், ஏரு என்ற சொல்லை முதல் பக்கத்திலேயே கலப்பையோடு குழப்பிவிட்டிருப்பதால் வாசகன் என்னைப் போலவே தடுமாறிக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்றும் பதில் போட்டிருக்கிறேன். ஒரு மாசம் ஆயிற்று.

வீட்டில் எதிர்ப்பு வேறு விதமானது. பெத்த நைனா, என் தகப்பனாரின் அண்ணன், எண்பதை நெருங்குகிறார். அவர்தான் இன்றைக்கு வடக்குப் பார்த்து இலை போடுகிறவர். பிரதியில் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டச் சொன்னார். தமிழில் வாசித்தேன்; தெலுங்கில் 'உம்' கொட்டிக்கொண்டு கேட்டார். நாலாவது படிக்கிற என் மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். தாத்தா தெலுங்கில் எது கேட்டாலும் தமிழில் பதில் சொல்கிறவள். முடிந்ததும் அவர் சொன்னது: "பெத்தவள விட்டுட்டு ஓடி வந்த கூட்டம்னுல்லய்யா படிக்கிறவன் சொல்லுவான். மரம் நிமிர்ந்துச்சுன்னு எழுதுறே. மரம் நிமிர்ந்துச்சா, நம்ம ஆளுக நிமித்துனாகளா?"

நான் அந்தக் கேள்வியை எழுதவில்லை. எனக்குத் தோன்றியதே இல்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது, இத்தனை வருஷம் இலை போட்டுக்கொண்டே தோன்றியிருக்கிறது. அச்சுப் போடாதே என்று அவர் சொன்ன காரணத்தில்தான் இந்தப் பிரதியின் மிச்ச அத்தியாயம் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல? மௌனமாக இருந்தேன். மகள்தான், அந்தக் கிழவி பேர் என்ன என்று கேட்டாள். பெத்த நைனா என்னைப் பார்த்தார். அவ்வா பெயர் சொன்னதில்லை. அவருக்கும் தெரியாது. ஏதாவது ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாமே, கதைதானே என்றாள் அவள். வைக்கக் கூடாது என்று அவர் தெலுங்கில் சொன்னது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்கவில்லை.